ஆறாவது அறை

கனெக்டிகட் மாநிலத்தின் தலைநகரான ஹார்ட்ஃபோர்டுக்குள் 91ஆம் நெடுஞ்சாலை வழியாக நுழைகிறவர்கள் ஒரு நீலக் கும்மட்டத்தைப் பார்க்காமல் போக முடியாது. நீலத்தின் மேல் பொன் நட்சத்திரங்கள். உச்சியில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் ஒரு குதிரைக்குட்டி. காப்பீட்டு நிறுவனங்களின் பழைய மென்பொருளைப் பராமரிக்க அந்த ஊருக்கு வந்துசேர்ந்த எங்களில் பலர் அதை ஏதோ ரஷ்யத் தேவாலயம் என்றே முதலில் நினைத்தோம். அது துப்பாக்கித் தொழிற்சாலை. சாமுவேல் கோல்ட் கட்டியது. 1862இல் அவர் இறந்தார்; 1864இல் தொழிற்சாலை தீக்கிரையானது; அவர் மனைவி எலிசபெத் அதை மறுபடி எழுப்பினார். கோல்ட் என்றால் இங்கே தங்கமல்ல, குதிரைக்குட்டி. 2014இல் அந்த வளாகத்தைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கும் சட்டம் நிறைவேறியது.

அந்தத் துப்பாக்கி எனக்கு ஹார்ட்ஃபோர்டுக்கு வருவதற்கு முன்பே தெரியும். சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் இடுப்பில் தொங்கவிட்டிருந்தார். 1948இல் இத்தாலியர்கள் உருவாக்கிய அமெரிக்க நாயகன் சிவகாசி வழியாகத் தமிழ் பேசினார். என் வயதுக்காரர்கள் பலருக்கு மேற்கத்திய அமெரிக்காவின் முதல் வரைபடம் அதுதான். கதையில் வில்லன் எத்தனை முறை சுட்டான் என்று விரல்விட்டு எண்ணுவோம். ஆறு முடிந்தால் அவன் கதையும் முடிந்தது. ஆறு என்பது எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி, சந்தேகத்துக்கு இடமில்லாத எண்.

அந்த எண் ஐந்து என்று எனக்குத் தெரியவர நாற்பது வயதைக் கடக்க வேண்டியிருந்தது.

என் மகள் பள்ளித் தோழி ஒருத்தியின் தாத்தா வீட்டுக்கு அடிக்கடி விளையாடப் போவாள். அந்தத் தாத்தா என்னோடு பல ஆண்டுகள் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். அமெரிக்காவில் பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு அனுப்புமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? சம்பளம் எவ்வளவு என்று கூச்சமில்லாமல் கேட்கும் நம்மவர்கள் இதைக் கேட்கக் கூசுவோம். நானும் ஓராண்டு கூசினேன். கேட்டபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மாடியிலிருந்து இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்துவந்தார். உள்ளே அறுபதுகளில் அவர் அப்பா வாங்கிய ரூகர் பிளாக்ஹாக் ரிவால்வர். உருளையைத் திறந்து காலியென்று காட்டிவிட்டு, வலப்பக்கச் சட்டத்தில் இருந்த மூன்று திருகாணிகளைத் தொட்டுக் காட்டினார். “இந்த மூன்றும் இருந்தால் பழைய மாடல். இதில் ஆறு தோட்டா போடக்கூடாது. அப்பா எனக்குச் சொன்ன முதல் பாடம் அது” என்றார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளத்தான் நான் இந்த வரலாற்றுக்குள் போனேன்.

ஒற்றைச்செயல் ரிவால்வரில் விசையை இழுத்தால் ஒரே ஒரு வேலைதான் நடக்கும்: ஏற்கெனவே பின்னுக்கு இழுத்து நிறுத்திய சுத்தியல் விடுபடும். சுத்தியலை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி இந்த வகையின் மூத்த பிள்ளை. முதல் ஆணை எட்டாயிரம். 1892இல் ராணுவம் வேறு மாதிரிக்கு மாறியது என்றாலும் கோல்ட் நிறுவனம் இதை இரண்டாம் உலகப்போர் தொடங்கும்வரை, மூன்றரை லட்சத்துக்கும் மேல் செய்து விற்றது.

அதன் உள்ளே இருப்பவை மிகக் குறைவு. சுத்தியல், விசை, உருளையைச் சுழற்றும் ஒரு சிறு கை, உருளையைச் சரியான இடத்தில் நிறுத்தும் தாழ், இவற்றை இயக்கும் சில தகட்டு ஸ்பிரிங்குகள். சுத்தியலின் முகத்திலேயே ஊசி பொருத்தப்பட்டிருக்கும். அந்த ஊசிதான் தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும். சுத்தியலின் அடியில் மூன்று வெட்டுகள். விசையின் நுனி அவற்றில் மாட்டி நிற்கும். கடைசி வெட்டு சுடுவதற்கு. நடு வெட்டு தோட்டா நிரப்புவதற்கு. முதல் வெட்டுக்குப் பாதுகாப்பு வெட்டு என்று பெயர்: ஊசியைத் தோட்டாவிலிருந்து சற்றே விலக்கி வைக்கும். சுத்தியலை இழுக்கையில் நான்கு முறை ‘டிக்’ என்று கேட்கும். அந்த நான்கும் சேர்ந்து கோல்ட் என்ற ஆங்கிலப் பெயரின் நான்கு எழுத்துகளைச் சொல்கின்றன என்று ரசிகர்கள் சொல்வார்கள்.

சிக்கல் அந்த முதல் வெட்டில். விசையின் நுனி மெல்லியது, வெட்டும் ஆழமில்லாதது. ரிவால்வர் கீழே விழுந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல்தான் பல நேரம் முதலில் தரையில் மோதும். நுனி உடையும், அல்லது வெட்டு உடையும். ஊசி நேரே தோட்டாவுக்குப் போகும். யாரும் விசையைத் தொட வேண்டியதில்லை.

ஆகவே அனுபவசாலிகள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு தோட்டா போடு, ஒரு அறையை விடு, பிறகு நான்கு போடு, சுத்தியலை முழுவதும் இழுத்து மெல்ல இறக்கு. வெற்று அறை சுத்தியலின் கீழ் வந்து நிற்கும். இப்போது விழுந்தாலும் ஊசி குத்துவது காற்றை. ஆறாவது அறை பாதுகாப்புக்கான விலை.

வழக்கம் தெரிந்தவர்களும் அதை எப்போதும் கடைப்பிடிக்கவில்லை. 1876 ஜனவரியில் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் ஒரு மதுக்கடையின் பின்னறையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் ஒருவரின் ரிவால்வர் உறையிலிருந்து நழுவியது. சுத்தியல் நாற்காலியில் மோதி வெடித்தது. குண்டு அவர் கோட்டைத் துளைத்து, சுவரில் பட்டு, கூரை வழியாக வெளியே போனது. உள்ளூர்ப் பத்திரிகை இதைச் செய்தியாகப் போட்டது. அந்தப் போலீஸ்காரர் பெயர் வயாட் எர்ப். ஐந்தாண்டுகள் கழித்து டூம்ஸ்டோன் சண்டையால் பெயர்பெற்று, பின்னாளில் ஹாலிவுட் கொண்டாடிய அதே எர்ப். அவர் இறந்தபின் 1931இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில், விவரம் தெரிந்தவன் ஐந்து தோட்டாதான் போடுவான் என்று அவர் வாயால் சொல்வதாக வருகிறது. அந்தப் பாடம் எங்கே கற்றது என்று அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் வேறு நாற்காலிகளிலும் ஆட்கள் இருந்திருப்பார்கள் என்று நினைத்தபோது சிரிப்பு நின்றது.

இத்தனைக்கும் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு 1890களிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஐவர் ஜான்சன் நிறுவனம் 1894 முதல் விற்ற மலிவான பாக்கெட் ரிவால்வர்களில் ஊசியைச் சுத்தியலிலிருந்து பிரித்துச் சட்டத்துக்குள் வைத்தார்கள். சுத்தியல் இறங்கி நின்றாலும் ஊசியை எட்டாது. இடையே இடைவெளி இருக்கும். விசையை இழுக்கும்போது மட்டும் ஒரு சிறு எஃகுத் துண்டு மேலெழுந்து அந்த இடைவெளியை அடைக்கும். சுத்தியல் துண்டை அடிக்கும், துண்டு ஊசியை அடிக்கும். விரலை எடுத்தால் துண்டு கீழே இறங்கிவிடும். டிரான்ஸ்ஃபர் பார் என்று பெயர். சுத்தியலையே சுத்தியலால் அடித்துப் பாருங்கள் என்று சவால்விடும் விளம்பரங்கள் போட்டார்கள். சவால் நியாயமானது.

ஆனால் அதே நிறுவனம் 1900களின் தொடக்கத்தில் போட்ட இன்னொரு விளம்பரத்தில் ஒரு சிறுமி படுக்கையில் பொம்மையோடு உட்கார்ந்து ரிவால்வரைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். இது நம்மை ஒன்றும் செய்யாது என்று அப்பா சொன்னார் என்பது அதன் வாசகம். கீழே விழுந்தால் வெடிக்காது என்ற உண்மையைக் குழந்தையின் கையில் கொடுத்தாலும் ஆபத்தில்லை என்ற பொய்யாக நீட்டியிருக்கிறார்கள். அந்த எஃகுத் துண்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: விசை இழுக்கப்பட்டதா இல்லையா. இழுத்த விரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது. 1901இல் பஃபலோ நகரில் ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டதும் ஐவர் ஜான்சன் ரிவால்வர்தான்.

1890களின் காப்புரிமை 17 ஆண்டில் காலாவதியாகிவிடும். அதன்பின் யார் வேண்டுமானாலும் அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டிருக்கலாம். ஒற்றைச்செயல் ரிவால்வருக்கு அது வர 1973 ஆனது. இடைப்பட்ட காலத்தில் யாரும் சும்மா இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. சிறு பாகங்களை மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள். கோல்ட் நிறுவனமே 1890களில் உருளையின் அச்சைப் பிடிக்கும் திருகாணியை எடுத்துவிட்டு, விரலால் அழுத்தினால் விடுபடும் ஸ்பிரிங் தாழ்ப்பாளைப் பொருத்தியது. 1920களில் எல்மர் கீத் என்ற மேற்குப் பகுதி மாட்டுப்பண்ணைக்காரர், துப்பாக்கிக் கொல்லர்களையும் ஹரால்ட் கிராஃப்ட் என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு கைப்பிடி, சுத்தியலின் கொண்டை, குறிமுனை, அச்சின் பூட்டு என்று ஒவ்வொன்றாகத் திருத்தினார். 1929இல் அமெரிக்கன் ரைபிள்மேன் இதழில் அதைப் பற்றி எழுதினார். அன்று மேம்பாடு என்றால் பொருள் இதுதான்: நன்றாகக் குறி பார்க்க வேண்டும், உறுதியாகப் பிடிக்க வேண்டும், சீக்கிரம் உடையக்கூடாது.

உடைவது பெரிய தொல்லை. கோல்ட்டின் தகட்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று கவட்டை போல இரண்டு கால் கொண்டது. ஒரு கால் தாழை அழுத்தும், மற்றது விசையை. ஒவ்வொரு முறை சுத்தியலை இழுக்கும்போதும் வளைந்து வளைந்து, ஒருநாள் ஒரு கால் முறியும். சுழற்றும் கையின் ஸ்பிரிங்கும் அப்படியே. மாற்றுப் பாகம் வாங்கி அப்படியே போட்டுவிடவும் முடியாது. அரத்தால் சீவிச் சீவிப் பொருத்த வேண்டும். வட்டக் கம்பியில் செய்த ஸ்பிரிங் வெகுநாள் உழைக்கும் என்று கண்ட கொல்லர்கள் அதைப் போட்டுக் கொடுத்தார்கள்.

1949இல் கனெக்டிகட்டின் சவுத்போர்ட்டில் வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஸ்டர்ம் இரண்டே ஆண்டில் இறந்துவிட்டார். தொலைக்காட்சியில் கௌபாய் கதைகள் வெள்ளமாய் வரத் தொடங்கிய காலம். கோல்ட் பழைய ரிவால்வரைச் செய்வதைப் போருக்கு முன்பே நிறுத்தியிருந்தது; மக்களோ அதைக் கேட்டார்கள். 1953இல் ரூகர் சிங்கிள்-சிக்ஸ் என்ற சிறிய ரிவால்வரையும் 1955இல் பிளாக்ஹாக்கையும் கொண்டுவந்தார். வெளியே பார்க்கக் கோல்ட். உள்ளே தகட்டு ஸ்பிரிங்குகளுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங்குகள். ஊசியும் சுத்தியலிலிருந்து சட்டத்துக்குள் இடம்மாறியது. 1956இல் கோல்ட் மறுபடி களமிறங்கியபோது அதன் உள்ளே அதே 1873இன் தகடுகள்தான் இருந்தன. பழையதை விரும்பி வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

என் நண்பரின் அப்பா வாங்கியது இந்தப் பிளாக்ஹாக்கைத்தான். ஸ்பிரிங் முறியவே முறியாது என்று பெருமையாகச் சொல்வாராம். அது உண்மையே. ஆனால் ரூகர் ஒரு படிக்கு முன்னால் நின்றுவிட்டார். ஊசி சட்டத்துக்குள் போனாலும், சுத்தியல் இறங்கினால் நேரே அந்த ஊசியின் மேல்தான் உட்கார்ந்தது. இடைவெளி இல்லை, இடைத்துண்டும் இல்லை. அதே பாதுகாப்பு வெட்டு, அதே மெல்லிய நுனி. எளிதில் முறியாத ஸ்பிரிங்குகள் கொண்ட, நம்பகமான, மலிவான, லட்சக்கணக்கில் விற்ற ரிவால்வர், கீழே விழுந்தால் 1873இல் செய்ததையே செய்தது. வாங்கியவர்கள் குதிரைப்படை வீரர்கள் அல்லர். வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் போகிற குடும்பத்தலைவர்கள். ஐந்து தோட்டா வழக்கத்தை அவர்களில் பலருக்குச் சொல்லித்தர அப்பா இல்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் ஆறு முறை சுடும் தொலைக்காட்சி நாயகனை.

1973இல் ரூகர் நிறுவனம் நியூ மாடல் என்று பெயரிட்டு வடிவமைப்பை மாற்றியது. டிரான்ஸ்ஃபர் பார் வந்தது. பாதுகாப்பு வெட்டு போனது. நான்கு ‘டிக்’ சத்தமும் போனது. பக்கவாட்டில் மூன்று திருகாணிகளுக்குப் பதில் இரண்டு ஊசிகள். ஆறு அறையிலும் தோட்டா போட்டுக்கொண்டு நடக்கக்கூடிய ஒற்றைச்செயல் ரிவால்வர் பெருமளவில் கடைக்கு வந்தது அப்போதுதான்.

ஏற்கெனவே விற்றுப்போனவை வீடுகளில் இருந்தன. அவற்றில் ஒன்று அலாஸ்காவில் ஒருவரின் கைநழுவியபோது வெடித்து அவரைக் காயப்படுத்தியது. வழக்கு 1979இல் அந்த மாநிலத்தின் உச்சநீதிமன்றம்வரை போனது. குறை இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும் விற்பனை தொடர்ந்தது என்பதற்கு ஆதாரம் இருப்பதாக நீதிமன்றம் ஏற்றது. ஜூரி விதித்த தண்டனைத் தொகையை வெகுவாகக் குறைத்தாலும், தண்டிக்க வேண்டும் என்பதை அது மாற்றவில்லை. 1982இல் ரூகர் ஒரு திட்டத்தை அறிவித்தது: 1953 முதல் 1972 வரை செய்த பழைய மாடல்களை அனுப்பினால், சுத்தியலும் விசையும் உட்படச் சில பாகங்களை மாற்றி, டிரான்ஸ்ஃபர் பார் பொருத்தி, காசு வாங்காமல் திருப்பி அனுப்புவோம், கழற்றிய பழைய பாகங்களையும் கூடவே தருவோம். நாற்பதாண்டுகள் கடந்தும் திட்டம் நடப்பில் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வி: ஏன் அரசாங்கம் கட்டாயப்படுத்தவில்லை? காரில் குறை இருந்தால் திரும்பப் பெறச்சொல்ல 1966இலேயே சட்டம் வந்துவிட்டது. பொம்மைக்கும் தோசைக்கல்லுக்கும் 1972இல் நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் துப்பாக்கியைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. அமெரிக்காவில் ஹேர் டிரையரைத் திரும்பப் பெற உத்தரவிட அதிகாரி உண்டு, ரிவால்வருக்கு இல்லை. எஞ்சுவது நீதிமன்றமும், நிறுவனத்தின் விருப்பமும், சொந்தக்காரரின் மனமும்.

மனந்தான் கடினம். மாற்றப்படாத பழைய மாடல்கள் இன்றும் ஏராளமாக வெளியே இருக்கின்றன. காரணம் அறியாமை மட்டுமல்ல. பழைய பாகங்கள் அப்படியே இருக்கும் ரிவால்வருக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். மாற்றிய பிறகு விசை முன்போல் இழுபடுவதில்லை என்கிறார்கள். நான்கு சத்தம் வேண்டும் என்கிறார்கள். எனக்கும் வழக்கம் தெரியுமே, ஐந்துதானே போடுகிறேன் என்கிறார்கள். இந்தக் கடைசி வாதத்தை என் தொழிலில் நான் வாரந்தோறும் கேட்கிறேன். நிரலில் ஓட்டை இருக்கிறது என்றால், அந்தப் பொத்தானை அழுத்தக்கூடாது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும் என்பார்கள். தெரிந்தவர்கள் ஓய்வுபெறுவார்கள். பொத்தான் அங்கேயே இருக்கும்.

நூறாண்டு இந்த ரிவால்வரில் நடந்ததும் அதுதான். எஃகில் இருந்த குறையை மனிதப் பழக்கத்தால் அடைத்தார்கள். பழக்கம் பலரைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து போடத் தெரிந்தவன் ரிவால்வரை விற்கும்போதும், இறந்து பிள்ளைக்கு விட்டுப்போகும்போதும், பழக்கம் இரும்போடு சேர்ந்து போவதில்லை. விபத்து நடந்தால் விழுந்தவன்மேல்தான் பழி: விவரம் தெரியாதவன், ஆறு போட்டான். தெரிந்த தீர்வை எண்பதாண்டு போடாமல் விட்டவர்களை அந்தச் சொல் தொடுவதில்லை.

நண்பரிடம் இதையெல்லாம் ஒரு மாலை சொன்னேன். பாதி அவருக்கு முன்பே தெரியும். திட்டத்தைப் பற்றியும் தெரியும். “அப்பா கைபட்ட விசை அது” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மேசை இழுப்பறையில் வைத்திருப்பவன் நான். பேத்திகள் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் மகளும் அவர்களோடு.

மூன்று மாதம் கழித்து அவரே அழைத்தார். அனுப்பியிருந்தது திரும்பி வந்துவிட்டதாம். போய்ப் பார்த்தேன். ரிவால்வரோடு சின்ன பிளாஸ்டிக் பையில் பழைய சுத்தியலும் விசையும் இன்னும் சில துண்டுகளும். விசையின் நுனியை அன்றுதான் கையில் வைத்துப் பார்த்தேன். நகத்தைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவே. இதை நம்பித்தான் அத்தனை வீடுகளில் தூங்கியிருக்கிறார்கள்.

இழுப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இல்லை என்றார். பையை அப்பாவின் படத்துக்குப் பின்னால் வைத்தார். ரிவால்வரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி ஆறு போடலாமே என்றேன்.

“போடலாம்” என்றார். “கை ஐந்தோடு நின்றுவிடுகிறது.”